பழைய உடுப்பிலிருந்து எதை எடுப்பது? ஷனேல், டியோர், பலென்சியாகா காட்டும் வழிகள்

2025இல் பாரிஸின் பெரிய ஃபேஷன் நிறுவனங்கள் பலவற்றில் ஒரே சமயத்தில் ஆள் மாறினார்கள். மார்ச்சில் ஜிவான்ஷிக்காக சாரா பர்ட்டன் தன் முதல் கலெக்‌ஷனைக் காட்டினார். ஜூனில் டியோருக்காக ஜோனத்தன் ஆண்டர்சன். அக்டோபரில் அடுத்தடுத்து பலென்சியாகாவுக்காகப் பியர்பவுலோ பிச்சோலியும் ஷனேலுக்காக மாத்யூ பிளாசியும். நான்கு பேருக்கும் பின்னால், நிறுவனத்தைத் தொடங்கியவர் விட்டுப்போன உடுப்புகளும் வரைபடங்களும் நிறையக் கிடந்தன. அவற்றிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான் இப்படி வருகிற எவருக்கும் முதல் வேலை.

இது அவர்களுக்கு மட்டும் வருகிற கேள்வி இல்லை. ஃபேஷன் படிப்பின் கடைசி வருடத்தில் ஒரு பழைய பிராண்டை எடுத்துக்கொண்டு கலெக்‌ஷன் செய்கிறவர்களும், நின்றுபோன ஒரு லேபிளைத் திரும்பக் கொண்டுவர நினைப்பவர்களும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். நான் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான தாள் மாதிரி, போடுகிற ஆள். அதனால் மேடைப் பக்கத்திலிருந்து பார்க்காமல் கட்டிங் மேசைப் பக்கத்திலிருந்தே இதைப் பார்க்கிறேன். என் முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாய்ப்பு இருந்தால் வெட்டை எடுங்கள். தோள் எப்படி உட்காருகிறது, கை எங்கே பிறக்கிறது, முதுகுத் துணி எப்படி விழுகிறது என்பதை எடுங்கள். பட்டன், லோகோ, பூ, கட்டம் எல்லாம் அப்புறம். ஆனால் எல்லோருக்கும் அந்த வாய்ப்பு இருக்காது. ஆகவே மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஷனேலின் வழி: அடையாளங்களைச் சுழற்றுவது

கப்ரியேல் ஷனேல் 1971 ஜனவரியில் இறந்தார். கார்ல் லாகர்ஃபெல்ட் அங்கே முதல் கலெக்‌ஷனைக் காட்டியது 1983 ஜனவரியில். நடுவில் பன்னிரண்டு வருடம் அந்த நிறுவனம் பெர்ஃப்யூமின் பலத்தில் ஓடியது. உடுப்பைப் பொறுத்தவரை அது பெரியவர்களுக்கான கடையாகிவிட்டது.

லாகர்ஃபெல்ட் பழைய உடுப்புகளை முழுசாகத் திரும்பத் தைக்கவில்லை. அவற்றைப் பிரித்தார். ட்வீட் என்ற கம்பளித் துணி தனி, சங்கிலி தனி, முத்து தனி, கமேலியாப் பூ தனி, மெத்தைத் தையல் போட்ட தோல் தனி, முனை கறுத்த இரு நிறச் செருப்பு தனி. பிரித்தவற்றை எதன் மேலும் வைத்தார். டெனிமோடு ட்வீட் சேர்ந்தது. 1991இன் கோடைக் கலெக்‌ஷனில் கடல் அலைச் சறுக்கு உடைகளோடு ஷனேல் ஜாக்கெட் வந்தது. அதே காலத்தில், ஹிப்-ஹாப் பாடகர்கள் போடுவது போன்ற கனத்த சங்கிலிகள் ஷனேல் கழுத்துகளில் தொங்கின. எவ்வளவு தூரம் போனாலும் பார்த்தவுடனே ஷனேல் என்று தெரிந்தது. 2019இல் அவர் இறக்கும் வரை, முப்பத்தாறு வருடம், இந்த முறை ஓடியது. வேறு எந்த வழியும் ஒரே ஆளின் கையில் இவ்வளவு காலம் தாங்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த அடையாளங்கள் எல்லாமே பழையவை இல்லை. 1955 பிப்ரவரியில் வந்ததால் 2.55 என்று பெயர் பெற்ற கைப்பையில் ஷனேல் வைத்தது எழுத்தே இல்லாத, சாதாரணச் செவ்வகத் திருகுப் பூட்டு. பின்னிய இரண்டு எழுத்துகள் கொண்ட பூட்டு லாகர்ஃபெல்ட் காலத்தில் வந்தது. இன்றைக்கு அந்த எழுத்துப் பூட்டுதான் அசல் ஷனேல் என்று பலர் நினைக்கிறார்கள். அடையாள வழியில் இப்படி ஒரு சுதந்திரம் உண்டு. தேவையான பழமையைக் கொஞ்சம் நாமே சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த வழியில் எனக்குள்ள பெரிய தயக்கம் அந்த ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினால்தான் புரியும். 1954இல், பதினைந்து வருடம் மூடிக்கிடந்த உடுப்புப் பிரிவைத் திறந்து ஷனேல் கொண்டுவந்த ஜாக்கெட் அது. ட்வீட் தளர்வான நெசவு. சாதாரணமாக ஒரு கோட்டுக்குள் வைக்கும் கேன்வாஸை இதில் வைத்தால் ஜாக்கெட் விறைத்துவிடும். வைக்காவிட்டால் துணி தொங்கி உருவம் கெடும். அதற்கு அவர் கண்ட வழி, பட்டு லைனிங்கை ட்வீட்டோடு சேர்த்து வரிவரியாகத் தைத்துவிடுவது. அந்தத் தையல் நெசவுக்குள் மறைந்துபோகும். இரண்டு துணியும் ஒன்றாகும், ஆனாலும் கார்டிகன் போல மெத்தென்று இருக்கும். இப்படி எடை குறைந்த ஜாக்கெட் இடுப்பில் தூக்கிக்கொண்டு நிற்கும் அல்லவா? அதற்காகக் கீழ் ஓரத்தில் லைனிங் மேல் ஒரு சன்னச் சங்கிலியைச் சுற்றித் தைத்தார். சங்கிலி அலங்காரத்துக்கு வந்ததே இல்லை, எடைக்கு வந்தது.

கையும் அப்படித்தான். ஆர்ம்ஹோலை, அதாவது கை இணையும் துளையை, சின்னதாக, அக்குளுக்கு நெருக்கமாக, உயரத்தில் வெட்டினார். கை நன்றாக அசைய வேண்டுமானால் ஆர்ம்ஹோல் பெரிதாக இருக்க வேண்டும் என்றுதான் தொழில் கற்றுக்கொள்ளும் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர். பெரிய ஆர்ம்ஹோல் வைத்த ஜாக்கெட்டில் கையைத் தூக்கினால் ஜாக்கெட் முழுவதும் கூடவே மேலே ஏறும். சின்னதில் கை மட்டும் போகும், உடம்புத் துணி அப்படியே நிற்கும். ஷனேல் மாடல்களின் மேல் கையைப் பின் குத்தி, பிரித்து, மறுபடி குத்திக்கொண்டே இருப்பார் என்பது பிரசித்தம். காரணம் இதுதான்.

உலகமெங்கும் கடைகளில் ஷனேல் மாதிரி என்று தொங்கும் ஜாக்கெட்டுகளில் ஓரப் பட்டை இருக்கிறது, தங்க நிறப் பட்டன் இருக்கிறது, நான்கு பாக்கெட் இருக்கிறது. கையைத் தூக்கினால் எல்லாம் காதுவரை வருகிறது. அடையாளத்தை மட்டும் எடுத்தால் கிடைப்பது அதுதான். லாகர்ஃபெல்ட் சங்கிலியை வெளியே எடுத்து இடுப்பில் கட்டியபோதும் பாதிப்பு இல்லாமல் போனதற்குக் காரணம், மாடியில் இருந்த தையல் அறை ஜாக்கெட்டைப் பழைய முறையிலேயே கட்டிக்கொண்டிருந்தது. நிறுவனமும் அந்தக் கைகளை விலை கொடுத்துக் காப்பாற்றியது. பட்டன் செய்யும் தெரூ பட்டறையை 1985இலும், பூவும் இறகும் செய்யும் லெமாரியேவை 1996இலும், பூவேலைக்குப் பேர்போன லெசாஜை 2002இலும் வாங்கியது. (லெசாஜ் குடும்பத்தின் பெயர் சென்னைக்கும் பழக்கமானது. பிரான்சுவா லெசாஜின் மகன் ழான்-பிரான்சுவா பல வருடங்களாக இங்கேதான் பூவேலைப் பட்டறை நடத்துகிறார்.) அந்தக் கைகள் உங்களிடம் இல்லை என்றால், ஷனேலைப் பார்த்து அடையாளங்களைச் சுழற்ற ஆரம்பிப்பது ஆபத்து.

டியோரின் வழி: ஒரே ஜாக்கெட்டிடம் திரும்பத் திரும்பப் போவது

1947 பிப்ரவரி 12, மான்டேன் அவென்யூ 30ஆம் எண். கிறிஸ்டியன் டியோரின் முதல் ஷோ. அதில் வந்த 'பார்' உடுப்புதான் இன்றுவரை அந்த நிறுவனத்தின் மூலவிக்கிரகம். தந்த நிறப் பட்டு ஜாக்கெட், கீழே கறுப்புக் கம்பளியில் மடிப்பு மடிப்பாக விரியும் நீளப் பாவாடை. தோள் இயல்பாக உருண்டு இறங்கும். இடுப்பு இறுகும். அதற்குக் கீழே ஜாக்கெட் சட்டென்று வெளியே விரியும். அந்த விரிவு துணியால் மட்டும் வந்ததில்லை, உள்ளே பேடிங் வைத்துக் கட்டியது.

இதைப் 'புதிய தோற்றம்' என்று உலகம் கொண்டாடியது. ஹார்ப்பர்ஸ் பஜார் ஆசிரியர் கார்மெல் ஸ்னோ வைத்த பெயர் அது. உண்மையில் டியோர் எடுத்ததே பழையதைத்தான். 1905இல் கிரான்வில்லில் பிறந்த அவர், தன் அம்மா காலத்துப் பெண்களின் இறுகிய இடுப்பையும் நீளப் பாவாடையையும் போர் முடிந்த கையோடு திரும்பக் கொண்டுவந்தார். துணிக்குப் பஞ்சம் இருந்த நேரம். பாரிஸின் லெப்பிக் தெருவில் படம் எடுக்கப் போன மாடலின் உடுப்பை அங்கிருந்த பெண்கள் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். அமெரிக்காவில் நீளப் பாவாடையை எதிர்த்துப் பெண்கள் சங்கம் வைத்தார்கள். 1954இல் ஷனேல் திரும்பி வந்ததும் இந்த இறுக்கத்துக்கு எதிராகத்தான். பழையதை எடுக்கும்போது அது யாருடைய பழையது, அதை உடுத்தியவர்களுக்கு அது எப்படி இருந்தது என்ற கேள்வியும் கூடவே வரும். டியோரின் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைத் தள்ளிவிட முடியாது.

டியோர் 1957இல் இறந்தார். அதற்குப் பின் வந்தவர்களை 'பார்' ஜாக்கெட் விடவில்லை. ஜான் கலியானோ 2009இன் ஓத் குத்தூர் (ஆளுக்கு ஆள் அளந்து கையால் தைக்கும் உயர்தர உடுப்பு) கலெக்‌ஷன் ஒன்றில் அதைப் பாவாடை இல்லாமல், உள்ளாடையும் கட்டுமானமும் வெளியே தெரிய அனுப்பினார். டிரெஸ்ஸிங் அறையில் பாதி உடுத்திய நிலையில் நிற்கும் மாடல்கள் போல. ஜாக்கெட்டைத் தாங்கி நின்றது எது என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்திருக்கும். மரியா கிராசியா கியூரி 2016இல் வந்து பேடிங்கையும் விறைப்பையும் குறைத்தார். பின்னல் துணியில் செய்தார். 2022இல் உடம்பைச் சூடாக வைக்கும் தொழில்நுட்பத்தைக்கூட ஒரு 'பார்' ஜாக்கெட்டுக்குள் வைத்தார். அவருடைய வேலை மந்தமானது என்று விமர்சகர்கள் பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்து வேலை செய்ய முடிவது சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டியது ராஃப் சைமன்ஸ் 2012 ஜூலையில் செய்தது. சுவர் முழுக்கப் பூ அடுக்கிய அறைகளில் நடந்த ஷோ. முதலில் வந்தது 'பார்' ஜாக்கெட்தான், டக்சிடோ மாதிரி, கறுப்பு, கீழே நேர் பேன்ட். அப்புறம் வந்தவை இன்னும் முக்கியம். டியோர் பாணியில் விரியும் பெரிய கவுன்களை எடுத்து இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டார். மீதி பாதி மேல்சட்டையாக ஆகிவிட்டது, அதற்கும் கீழே கறுப்பு பேன்ட். பழைய உடுப்பின் மேல்பாதிக் கோடு முழுசாக இருக்கிறது. நடக்கத் தடையாக இருந்த பாதி இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்று இவ்வளவு தெளிவாக யோசித்த ஒரு கலெக்‌ஷனை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆண்டர்சன் 2025 ஜூனில் ஆண்கள் ஷோவில் 'பார்' ஜாக்கெட்டை அயர்லாந்தின் டோனகல் ட்வீட்டில் தைத்துக் காட்டினார். கூடவே 1948இன் 'டெல்ஃப்ட்' கவுனின் மடிப்புகளை ஒரு கார்கோ ஷார்ட்ஸின் பின்பக்கம் கொண்டுவந்தார். இரண்டில் எனக்குப் பிடித்தது ஷார்ட்ஸ். காரணம், டியோர் பத்து வருடத்தில் இருபத்திரண்டு ஓத் குத்தூர் கலெக்‌ஷன்கள் செய்தவர். அதில் 'பார்' ஒன்று. ஒரே ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தூங்கிப்போகின்றன. இன்றைக்கு நம்மூர் டெய்லர்கூடச் சர்வ சாதாரணமாகச் சொல்லும் 'ஏ-லைன்' என்பது 1955இல் டியோர் ஒரு கலெக்‌ஷனுக்கு வைத்த பெயர். அது நிறுவனத்தை விட்டு வெளியேறி ஊருக்கே சொந்தமாகிவிட்டது, உள்ளே இருப்பவர்கள் 'பார்' ஜாக்கெட்டையே சுற்றிவந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. பெயரைச் சொன்னவுடனே பார்ப்பவர் மனதில் வருகிற ஓர் உடுப்பு இருக்க வேண்டும். அது இருந்தால் வேலை சுலபம், பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அப்படி ஓர் உடுப்பு இல்லாத பிராண்டுக்கு இது சரிப்படாது.

பலென்சியாகாவின் வழி: வெட்டை எடுத்துத் தோற்றத்தை விடுவது

கிறிஸ்டோபல் பலென்சியாகா பாஸ்க் நாட்டுக் கடலோர ஊரான கெட்டாரியாவில் 1895இல் பிறந்தவர். அம்மா தையல்காரர். வரைவதோடு நில்லாமல், தானே வெட்டி, தானே இணைத்து, தானே தைக்கத் தெரிந்த வடிவமைப்பாளர்கள் அந்தக் காலத்திலும் குறைவு. இவர் அவர்களில் ஒருவர். 1937இல் பாரிஸ் ஜார்ஜ் ஐந்தாம் அவென்யூவில் கடை திறந்தார், 1968இல் மூடினார், 1972இல் இறந்தார்.

அவருடைய வேலை முழுவதும் உடம்புக்கும் துணிக்கும் நடுவில் இருக்கும் காற்றைப் பற்றியது. 1951இல் முன்பக்கம் ஒட்டியும் முதுகுப்பக்கம் தளர்ந்தும் இருக்கும் சூட். 1957இல் இடுப்பே இல்லாத சாக்கு உடை. டியோரின் இறுகிய இடுப்பு ஆட்சி செய்த காலத்தில் இது எவ்வளவு துணிச்சல் என்று நினைத்துப்பாருங்கள். 1958இல் சுவிஸ் துணி நிறுவனமான ஆப்ரஹாமுடன் சேர்ந்து காசார் என்ற விறைப்பான பட்டை உருவாக்கினார், அது உள்ளே எந்தத் தாங்கலும் இல்லாமல் தானாக நிற்கும். 1961இல் ஒரே ஒரு தையலில் ஒரு கோட். காலரைக் கழுத்திலிருந்து பின்னால் தள்ளி வைப்பார், பிடரி தெரியும், கழுத்து நீளமாகத் தெரியும். கையை மணிக்கட்டுக்கு மேலேயே நிறுத்துவார், வளையல் தெரியும். சரியாக உட்காராத கையைப் பிரித்துத் திரும்பத் தைக்காமல் அவரால் இருக்க முடியாது.

கடை மூடிய பிறகு அந்தப் பெயர் பெர்ஃப்யூமிலும் லைசன்ஸ் உடுப்புகளிலும் வெகுகாலம் ஓடியது. 1997இல் நிக்கோலா கெஸ்கியேர் என்ற இளைஞர் பொறுப்புக்கு வந்தார். ஜப்பானுக்கான லைசன்ஸ் உடுப்புகளை அதே நிறுவனத்தில் வரைந்துகொண்டிருந்தவர் அவர். பழைய வளைவுகளையும் கனத்த தோள்களையும் அவர் திரும்ப எடுத்தார், ஆனால் பார்ப்பவருக்கு எதிர்காலத்திலிருந்து வந்தது போல இருந்தது. 2006இன் குளிர்காலக் கலெக்‌ஷன் இதற்கு நல்ல சாட்சி.

என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமான உதாரணம், பிற்பாடு பலென்சியாகாவின் பொறுப்புக்கு வந்த டெம்னா 2016 மார்ச்சில் காட்டிய முதல் கலெக்‌ஷன். பனிக்காலத்தில் எல்லோரும் போடும் சாதாரணப் பஃபர் ஜாக்கெட்டை எடுத்தார். அதன் கழுத்து வெட்டைப் பின்னால் தள்ளினார். ஜிப்பைப் போட்டால் ஜாக்கெட் தோளை விட்டு இறங்கி, கழுத்தைச் சுற்றி அகலமாக விரிந்து, முதுகில் குமிழாக நிற்கிறது. நைலானும் பஞ்சும்தான், ஆனால் நிற்கும் விதம் கிறிஸ்டோபல் நாடகசாலைக்குப் போகும் சீமாட்டிகளுக்குத் தைத்த கோட்டின் விதம். அதில் பழைய பட்டன் இல்லை, பழைய துணி இல்லை, பழைய நிறம் இல்லை. பேட்டர்ன் தாளில் காலர் கோடு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பழையதும் புதியதும் எதுவும் இழக்காமல் சேர்ந்த இடம் இது என்று நான் நினைக்கிறேன்.

2021 ஜூலையில் அவர் அதே பழைய முகவரியில், ஐம்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு, ஓத் குத்தூர் ஷோ நடத்தினார். கிறிஸ்டோபல் காலத்தில் போலவே இசை இல்லை. ஜீன்ஸும் வந்தது, 1967இன் மணப்பெண் உடுப்பை நினைவூட்டும் கடைசி உடுப்பும் வந்தது.

ஜிவான்ஷியில் நடந்ததையும் இங்கேதான் சேர்க்க வேண்டும். ஊபேர் த ஜிவான்ஷி 1952இல் முதல் கடை திறந்த பாரிஸ் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது, மறைத்து வைத்த பழுப்புத் தாள் கட்டுகள் கிடைத்தன. உள்ளே அந்த முதல் கலெக்‌ஷனின் பேட்டர்ன்கள். சாரா பர்ட்டன் தன் முதல் கலெக்‌ஷனை அங்கிருந்து தொடங்கினார். படத்தையோ புகழையோ எடுக்காமல் பேட்டர்னை எடுத்தார். அலெக்சாண்டர் மெக்வீன் நிறுவனத்தில் வெட்டும் தையலுமாகவே வளர்ந்தவருக்கு அது இயல்பாக வந்திருக்கும்.

இந்த வழியின் குறை என்னவென்றால், வாங்குபவர் கண்ணுக்கு வெட்டு தெரியாது. உடுத்தினால் நன்றாக இருக்கிறது என்று தெரியும், ஏன் என்று தெரியாது. அலமாரியில் தொங்கும்போது அது பேசாது. அதனால்தான் கெஸ்கியேர் காலத்தில் பலென்சியாகாவுக்குச் சோறு போட்டது 2001இல் வந்த மோட்டார் சைக்கிள் கைப்பை, டெம்னா காலத்தில் 2017இன் தடித்த ட்ரிப்பிள் எஸ் ஷூ. இரண்டுக்கும் கிறிஸ்டோபலின் வெட்டுக்கும் சம்பந்தம் இல்லை. வெட்டு வழியில் போகிறவர்கள் பக்கத்தில் விற்கிற சாமான் ஒன்றையும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படியே திரும்பக் கொண்டுவருவதும், மொத்தமாக விலகுவதும்

மறுபதிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கைப்பைக்கு அது நன்றாக வேலை செய்கிறது. ஷனேல் 2005இல் 2.55ஐ எழுத்தில்லாத பழைய பூட்டோடு திரும்பக் கொண்டுவந்தது. கலியானோவின் சேணப் பை 2018இல் டியோரில் திரும்ப வந்தது. பைக்கு உடம்பு கிடையாது, அதனால் காலம் மாறினாலும் அளவு மாறாது. உடுப்பு அப்படி இல்லை. பழைய ஓத் குத்தூர் உடுப்பு ஒரே ஒரு வாடிக்கையாளரின் உடம்புக்கு, அன்றைய உள்ளாடைக்கு மேல் அளந்து வெட்டியது. அதைப் பத்து சைஸுக்கு விரித்தால் பேட்டர்னின் பாதிக் கோடுகளை மாற்றியே ஆக வேண்டும். மாற்றிய பிறகு அதை மறுபதிப்பு என்று சொல்வதில் அர்த்தம் குறைவு.

விதிவிலக்கு என்று நான் ஒப்புக்கொள்வது 2017 செப்டம்பரில் வெர்சாச்சே செய்தது. நிறுவனத்தைத் தொடங்கிய ஜியான்னி கொலையுண்டு இருபது வருடம் ஆன நேரம். தங்கை டொனாடெல்லா அவருடைய தொண்ணூறுகளின் உடுப்புகளைத் திரும்ப மேடையேற்றி, கடைசியில் நவோமி கேம்ப்பெல், சிண்டி கிராஃபோர்டு, கிளாடியா ஷிஃபர், கார்லா புரூனி, ஹெலெனா கிறிஸ்டென்சன் ஐந்து பேரையும் தங்க உலோகவலை உடையில் நிறுத்தினார். அது அஞ்சலி. அஞ்சலியில் அப்படியே கொண்டுவருவதுதான் முறை. வடிவமைப்பாளர் மார்ஜெலாவின் நேர்மையும் எனக்குப் பிடிக்கும். எங்கோ கிடைத்த பழைய உடுப்பை அப்படியே திரும்பத் தைத்து, இது எந்த வகை, எங்கிருந்து வந்தது, எந்தக் காலத்தது என்று உள்ளே துணிச்சீட்டில் எழுதியே விற்றார்.

மொத்தமாக விலகுவதற்குப் பலரும் காட்டும் உதாரணம் 2012இல் சான் லோரான் நிறுவனத்துக்கு வந்த வடிவமைப்பாளர் எடி ஸ்லிமான். சான் லோரான் ரெடிமேட் உடுப்புகளின் பெயரிலிருந்து 'இவ்' என்பதை எடுத்தார், ஸ்டுடியோவை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோனார். பெரிய கூச்சல். ஆனால் 1966இல் இவ் சான் லோரான் தன் ரெடிமேட் கடைக்கு வைத்த பெயரிலேயே 'இவ்' கிடையாது, 'சான் லோரான் ரீவ் கோஷ்' என்றுதான் வைத்தார். விலகியவரும் பழைய பெட்டியைத் திறந்துவிட்டுத்தான் விலகியிருக்கிறார். 2018இல் செலினில் அவர் எழுத்தின் மேலிருந்த குறியை எடுத்தபோதும் 1960களின் எழுத்து வடிவத்தைத்தான் காரணம் காட்டினார்கள். அறவே விலகிய பெரிய பெயர் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. பெயருக்கு விலை கொடுத்து வாங்கிவிட்டு அதன் பழமையை வேண்டாம் என்பதில் வியாபாரமும் இல்லை.

சரி, உங்களுக்கு எது?

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உடுப்போ பேட்டர்னோ இருந்தால் பலென்சியாகா வழி. கூடவே நல்ல கட்டர் ஒருவர் வேண்டும், விற்பனையில் பொறுமை வேண்டும். ஒரே ஓர் உடுப்புக்கு ஊரெல்லாம் பெயர் இருந்தால் டியோர் வழி, ஆனால் சைமன்ஸ் மாதிரி எதை வெட்டுவது என்ற தீர்மானத்தோடு. தையல் அறையும் பழகிய கைகளும் இன்னும் வேலையில் இருந்தால் ஷனேல் வழியில் தாராளமாகப் போகலாம். வெறும் போட்டோவும் லோகோவும் மட்டும் இருந்தால்தான் சிக்கல். அநேகம் பேர் அந்த நிலையில் அடையாள வழிக்குப் போய்விடுகிறார்கள், அதுதான் சுலபமாகத் தெரிகிறது என்பதால்.

அவர்களுக்கு ஸ்கியாபரெல்லியைச் சொல்வேன். எல்சா ஸ்கியாபரெல்லி 1954இல் கடையை மூடினார். தன் உடுப்புகளில் பலவற்றை 1969இல் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பெயரைப் பிறகு வாங்கியவர்களுக்குச் சுலபமாகக் கிடைத்தவை ஓவியர் சால்வடோர் டாலியோடு சேர்ந்து 1937இல் எல்சா செய்த சிங்கிறால் உடையும் பளீர் இளஞ்சிவப்பும்தான். 2019இல் வந்த டேனியல் ரோஸ்பெரி அவற்றிலேயே நின்றுவிடவில்லை. உடம்பையே உடுப்பின் மேல் வைக்கும் எண்ணத்தை எடுத்தார். 1938இல் எலும்புகளை உடையின் மேல் புடைக்கத் தைத்தவர் எல்சா. இவர் காது, மூக்கு, கண், நுரையீரல் என்று தங்க நிற உலோகத்தில் வார்த்தார். உடுப்பு கையில் இல்லாதவருக்கு எண்ணமாவது மிஞ்சும், அதை எடுக்க அனுமதியும் தேவையில்லை.

எந்த வழி என்றாலும் துணி வாங்குவதற்கு முன்னால் காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் பாருங்கள். பட்டன், நிறம், எழுத்து எதுவும் இல்லாமல். பழைய உடுப்பின் போட்டோவைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் உறவு தெரிந்தால் வெட்டு வந்துவிட்டது, மேலே அலங்காரம் வைக்கலாம். தெரியாவிட்டால் அலங்காரத்தை நிறுத்திவிட்டுத் தோளிலிருந்து திரும்ப ஆரம்பியுங்கள். பேட்டர்ன் இல்லை, உடுப்பு மட்டும் இருக்கிறது என்றால் அதைப் பிரிக்கவே கூடாது. மெல்லிய துணியை அதன் மேல் விரித்து, தையல் ஓடும் இடமெல்லாம் பின் குத்தி, நூல் ஓட்டத்தையும் குறித்துக்கொண்டு பேட்டர்ன் எடுக்கலாம். கைக்கும் காலருக்கும்தான் அதிக நேரம் பிடிக்கும். ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு நாளாவது ஒதுக்குங்கள்.